உருண்டைக்குக் கிரீஸ் வைத்தவன்

அக்ஷரா மேடம் அவர்களுக்கு,

கிரீஸை விரலால்தான் வைக்க வேண்டும். பிரஷ்ஷால் தடவுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நம் பனியனை வாங்குகிற வெளிநாட்டு பையருக்காகக் கம்பெனியை ஆடிட் செய்ய வந்த நீங்கள், வைத்த டீயைக்கூடக் குடிக்காமல், "அந்த ட்ரெய்லர் உருண்டைக்குக் கடைசியா கிரீஸ் வெச்சது யாருங்க?" என்று கேட்டீர்கள். போன ஆயுத பூஜையன்று விபத்து நடந்தது. பதினொரு மாதமாக இதை யாரும் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான்தான் மேடம். அர்த்தநாரி, மெயின்டனன்ஸ், இருபத்திரண்டு வருட சர்வீஸ். எழுதிக் கொடுங்கள் என்றீர்கள், விவரமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தீர்களே, நம் அருள்புரம் யூனிட் ஜெனரேட்டர், அது நாலு சக்கர ட்ரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கிறது. இங்கே கரண்ட் போனால் இங்கே ஓடும், அவிநாசி யூனிட்டில் போனால் பிக்கப் வண்டி அதை அங்கே இழுத்துக்கொண்டு போகும். பிக்கப்பின் பின்னால் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் இரும்பு உருண்டை. ட்ரெய்லரின் இழுவைக் கம்பி நுனியில் ஒரு கிண்ணம். கிண்ணத்தை உருண்டை மேல் கவிழ்த்து, பிடியை அமுக்கி, பிடியின் ஓட்டையில் லாக் பின்னைச் சொருக வேண்டும். ஒருவேளை கழன்றால் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி உண்டு. அதையும் மீறி உருண்டால் சக்கரத்துக்கு அடியில் போட டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை உண்டு.

கிரீஸ் இல்லாத உருண்டை ஒவ்வொரு திருப்பத்திலும் கத்தும். அதற்காகப் பழைய கிரீஸ் மேலேயே புதியதை அப்பக் கூடாது, மண் சேர்ந்து உருண்டையைத் தின்றுவிடும். முதலில் பனியன் வேஸ்ட்டால் துடைக்க வேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் வேஸ்ட் துணி அனுப்புகிற திருப்பூரில் அதற்கென்ன பஞ்சம். பிறகு டீசல் தொட்டு ஒரு துடைப்பு. காய்ந்ததும் ஒரு விரல் கிரீஸ், மெல்லிசாக. திங்கட்கிழமைதோறும் நான் இதைச் செய்வேன். டிரைவர் லிங்கசாமி பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு கிண்டல் செய்வான்.

"ஏனுங்ணா, பச்சக் கொழந்தைக்கு எண்ணெ தேச்சு உடறாப்பல தேக்கறீங்க. தொட்டில் கட்டட்டுங்களா?"

"கட்டுடா, நீயே தாலாட்டும் பாடு" என்பேன்.

பதினெட்டு வருடம் இப்படித்தான் போனது. குவார்ட்டர்ஸில் அவன் அறையும் என் அறையும் அடுத்தடுத்து. என் மருதம்மாள் செத்த பிறகு நான் சிரித்ததெல்லாம் அவனோடுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேட்டு ரோட்டு டீக்கடை, ஒரே பெஞ்ச், ஆளுக்கொரு வடை. போன வருடம் புரட்டாசியில் அதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான்.

"ஆயுத பூச முடிஞ்சுதுன்னா நான் கெளம்பறனுங்ணா. தரணி கைக்கொழந்தைய வெச்சுட்டு ஒத்தையில திண்டாடறா. மடத்துக்குளத்துலயே ஸ்கூல் வேன் ஓட்டலாமுங்களாம். மகளப் பாத்தாப்பலயும் ஆச்சு, பேரன எடுத்தாப்பலயும் ஆச்சு."

"நல்லதாப் போச்சு லிங்கு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அன்று வடை எனக்கு இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது மேடம். அந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கிற ஆளாக என்னை நினைத்துப் பார்த்தேன். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்வது நம் வழக்கம். லாக் பின் துருப்பிடித்திருந்தது, கழற்றி டீசல் டப்பாவில் போட்டேன். சங்கிலியும் அழுக்கு, அதையும் போட்டேன். முட்டுக்கட்டைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து மொட்டை மாடியில் காய வைத்தேன். நல்ல பெயின்ட், காய இரண்டு நாள் ஆகும். உருண்டையை மட்டும் இருந்த இடத்திலேயே வைத்துத் துடைத்தேன். அன்று வைத்த மாதிரி கிரீஸ் என் சர்வீஸிலேயே வைத்ததில்லை. கிண்ணத்தை உட்கார வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பிடியும் ஓட்டையும் சங்கிலி மாட்டும் கொக்கியும் தெரியாதபடி செண்டுமல்லி மாலை சுற்றினேன். நாலு முழம்.

லிங்கு வண்டி எடுக்குமுன் மூன்றையும் கையால் தொட்டுப் பார்ப்பான். பின், சங்கிலி, கட்டை. பதினெட்டு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் அவனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பூஜை போட்ட மாலையை அவன் தொட மாட்டான். அதுவாக வாடி விழுகிறவரை வண்டியைக் கழுவக்கூட விடமாட்டான். இதற்காக முதலாளியம்மா சித்ராதேவியிடமே வாதாடியிருக்கிறான்.

அன்றைக்கும் பின்பக்கம் வந்து கையை நீட்டினான். மாலையைப் பார்த்தான். நீட்டிய கையால் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அண்ணன் கட்டிருக்கறாரு, அப்பறமென்ன" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறினான். பூஜை மும்முரத்தில் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்க்கவும் மறந்துவிட்டான். அவன் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. என் மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

அவிநாசி யூனிட்டிலும் பூஜை. ஜெனரேட்டர் அங்கேயும் போய்ப் பொட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். நம் கேட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற சரிவை நீங்களே பார்த்து, செங்குத்தாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டீர்கள். சரிவுக்குக் கீழே சுவரோரம் நல்ல நிழல். பொரிகடலையை அங்கே வைத்துக் கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். தையல் பெண்கள், செக்கிங் பெண்கள், அவர்கள் கூட்டி வந்த பிள்ளைகள், எல்லாரும் அங்கே வரிசையில் நின்றார்கள். நான் தட்டில் அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்கள் அங்கே நின்றதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் துணி ரோல் ஏற்றிய லாரி ஒன்று தானாக உருண்டது. எல்லாரும் விலகி ஓடினோம், லிங்கு மட்டும் கட்டையை எடுத்துக்கொண்டு அதை நோக்கி ஓடினான். கீழே ஆள் இருந்தால் அவன் ஓடிவருவான். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆள் இல்லாவிட்டால், உருளட்டும் என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது?

முன்சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது, எல்லாரும் கைதட்டினார்கள். பாதிச் சரிவில் வேகத்தடை மேல் ஏறி இறங்கியதும் பிடி தூக்கிக்கொண்டது, கிண்ணம் உருண்டையிலிருந்து நழுவியது. சத்தமே இல்லை மேடம். கிரீஸ் அப்படி. லிங்கு கண்ணாடியில் பார்த்துவிட்டான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான், சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான், வெறுங்கையோடு குதித்து ஓடி வந்தான். இழுவைக் கம்பியைப் பிடித்து உடம்பு முழுக்கக் கொடுத்து ஒரு பக்கமாக வளைத்தான். ட்ரெய்லர் திரும்பிக் கேட் தூணில் மோதி நின்றது. தூணுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவனுடைய வலது கால் இருந்தது.

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். ஒரு பொரி சிந்தவில்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் உள்ளங்கை முழுக்க என் கிரீஸ். "புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்றான். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

ஓர் எலும்பு முறிந்தால் மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு இருப்பான் என்றுதான் நினைத்தேன். முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கவில்லை. அதற்காக இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன், ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பிறகு யோசித்துப் பார்த்தால், மூன்று மாதம் எந்த மூலைக்கு? அது முடிந்ததும் கிளம்பியிருப்பான்.

இப்போது நாங்கள் நன்றாக இருக்கிறோம். குளிக்க வைப்பது, துணி துவைப்பது எல்லாம் நான்தான். ஆறு மணிக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அதே சரிவில் ஏறுவேன். அதே பெஞ்ச், ஆளுக்கொரு வடை. "அண்ணன் மட்டும் இல்லீன்னா நானெல்லாம் என்னாயிருப்பனோ" என்று டீக்கடைக்காரரிடம் தினமும் சொல்கிறான். கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

நான் இதை எழுதுவதற்கு ஒரே காரணம்தான். விபத்து ரிப்போர்ட்டில் "டிரைவரின் கவனக்குறைவு" என்று போட்டிருக்கிறார்கள். அவனும் அதை நம்பிக்கொண்டு, பின்னைப் பார்க்காமல் எடுத்தது என் தப்பு என்று புலம்புகிறான். லிங்குவைப் போல் கவனமான டிரைவர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. அந்த வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அவன் மனம் நோவதை என்னால் பார்க்க முடியவில்லை.

மற்றபடி ஒரு செய்தி. தரணி மடத்துக்குளத்து வீட்டு வாசற்படியை இடித்துச் சரிவு கட்டிவிட்டாளாம். ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்து அப்பாவைக் கூட்டிப்போகிறேன் என்று போன் செய்தாள். லிங்குவுக்குத் தலைகால் புரியவில்லை. நானும் மனதார, நல்லதாப் போச்சு என்றேன்.

பூஜைக்கு இன்னும் நாலு நாள்தான். நாற்காலிச் சக்கரங்களைத் துடைத்துக் கிரீஸ் வைத்துவிட்டேன். பிரேக் இரண்டும் அழுக்காக இருந்தன, கழற்றி டீசலில் ஊறப் போட்டிருக்கிறேன். மாலைக்கும் சொல்லியாகிவிட்டது. நாலு முழம்.

இப்படிக்கு,
அர்த்தநாரி