குறையில்லாமல் திருப்பிக் கொடுத்த கார்

உங்கள் மேசையின் முன்கால் ஒன்று ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஓர் அட்டையை நான்காக மடித்துச் செருகினால் நின்றுவிடும். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக, திரும்பி வரும் புத்தகங்களைச் சரிபார்க்கும் இருக்கை என்னுடையது. பக்கத்தின் மூலையை மடித்தவர்கள், எண்ணெய்க் கையோடு படித்தவர்கள், பென்சிலால் கோடு போட்டுவிட்டு அரைகுறையாக அழித்தவர்கள் எல்லாரும் என் முன்னால் நின்று அசடு வழிந்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் என்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவதும் எனக்குத் தெரியும். பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் நான்கு டயர்களைப் பற்றிக் கேட்டீர்கள். வரும் வியாழக்கிழமை என் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, நீதிமன்றத்தில் எழுந்து நின்று எல்லாம் தன் கவனக்குறைவுதான் என்று ஒப்புக்கொள்ளப் போகிறார். அவர் உள்ளே போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னீர்கள். அதற்குள் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அவர் கடையில் வாங்கிய டயர்கள், நான் திருப்பிக் கொடுத்த காரில் எப்படி வந்தன? நான்தான் மாற்றினேன். நீங்கள் போன வாரம் கேட்டிருந்தால் போன வாரமே சொல்லியிருப்பேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அதில் உள்ள நியாயம் புரியும்.

அந்தக் காரை மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். சொந்தமாக வாங்கினால் பொருள் நம்மை ஆள ஆரம்பித்துவிடும். இரவல் என்றால் தேதி வந்ததும் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். கொடுக்கும்போது தலை நிமிர்ந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி, இருக்கை, கதவு, பெயின்ட் என்று இருபத்தாறு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘குறை’ என்று ஒரு கட்டம். இருபத்தாறிலும் ‘இல்லை’ என்று வந்தால் குறையில்லாச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். கெட்டியான தாள், ஓரத்தில் பச்சைக் கோடு. அங்கே வேலை பார்க்கும் அம்மாள் ஒரு தடவை என்னிடம் சொன்னார், “பத்து வருஷத்துல நாலு பேருக்குத்தான் சார் குடுத்திருக்கோம்.” ஐந்தாவது ஆள் யார் என்று அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

மூன்று வருடமும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டேன். வண்டிக்குள் யாரையும் சாப்பிட விட்டதில்லை. இருக்கைகளுக்கு உறை, அந்த உறைக்கு மேலே ஒரு துண்டு. என் தங்கை ஏறும்போதெல்லாம், “அண்ணா, நான் உக்காரலாமா, இல்ல பின்னாலயே ஓடி வரட்டுமா?” என்று கிண்டல் செய்வாள். அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன் நான். அதனால் அவளுக்கு என்னிடம் வாய் கொஞ்சம் அதிகம். எனக்கும் அது பிடிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தது, டயரைத் தவிர. நான்கும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டிருந்தன. முதல் வருடமே மெக்கானிக், “சக்கரம் ஒரு பக்கமா இழுக்குது சார், அலைன்மென்ட் பாத்துருங்க, இல்லாட்டி டயரைத் தின்னுரும்” என்றார். அது வண்டிக்குச் சொந்தக்காரர்கள் படவேண்டிய கவலை என்று விட்டுவிட்டேன். நான் வெறும் இரவல்காரன்தானே. கடைசி மாதத்தில், டயரின் பள்ளத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி அளந்து பார்த்தேன். ஒவ்வொரு டயரிலும் மூன்று இடம் அளப்பார்கள் என்று படிவத்தில் போட்டிருந்தது. நானும் மூன்று இடம் அளந்தேன். எந்த இடத்திலும் தேறவில்லை. இருபத்தாறு வரியில் பத்தொன்பதாவது வரி டயர். அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை, ஐயா. கண்ணை மூடினால் பத்தொன்பதாவது கட்டம்தான்.

புதிதாக நான்கு வாங்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அடுத்த வாரம் கையை விட்டுப் போகிற வண்டிக்கு நான்கு புது டயர் வாங்கி யாருக்கோ தாரை வார்ப்பதா? வீணடிப்பது என் ரத்தத்திலேயே கிடையாது.

மாப்பிள்ளை திரைச்சீலை தைப்பவர். அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும், குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று நாங்கள் கேலி செய்வோம். வாய் ஓயாமல் சீட்டியடிப்பார், யார் எதைச் சொன்னாலும் நம்புவார். நான் கார் எடுத்ததைப் பார்த்துவிட்டு அவரும் அதே மாடல், அதே வருடத்து வண்டியைப் பழையதாக வாங்கினார். நிறம் மட்டும் வேறு. நான் காரைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பு அதற்கு நான்கு புது டயர் போட்டார். கடைக்குக் கூடவே போய்த் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் நான்தான். நல்ல டயர்கள். அவர் வீட்டுக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரு தெருதான், வாரத்தில் ஒரு நாள் யார் வீட்டிலாவது திரை மாட்டப் போவார். அவ்வளவு ஓட்டத்துக்கு அவ்வளவு நல்ல டயர் அதிகம் என்று எனக்கு அப்போதே பட்டது.

நான் காரைக் கொடுக்க வேண்டிய தேதிக்கு முன்னால் அவரும் தங்கையும் நான்கு நாள் ரயிலில் வெளியூர் போனார்கள். வண்டியை என் வீட்டில் விட்டுவிட்டுச் சாவியையும் கொடுத்தார்கள். “சும்மா நிக்கப்போகுது மச்சான், பாத்துக்கோங்க” என்றார் மாப்பிள்ளை. கழுவி வைக்கிறேன் என்றேன். சொன்னபடி கழுவவும் செய்தேன்.

சனிக்கிழமை காலை, நல்ல வெயில். இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். ஒரே மாடல் என்பதால் டயரைக் கழற்றி மாட்டும் வேலைகூட இல்லை. சக்கரத்தோடு எடுத்து இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. ஜாக்கி, ஸ்பேனர், சக்கரத்துக்கு ஐந்து நட்டு. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “தங்கச்சி வண்டிக்கும் நீங்களே வேலை பாக்கறீங்களா சார், குடுத்து வெச்சவங்க” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நட்டுகளை முறைப்படி முறுக்கினேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வண்டியிலும் அதே முறைதான், ஓரவஞ்சனை செய்யவில்லை. பிறகு அவர் வண்டியை இரண்டு தடவை கழுவி மெழுகு போட்டேன். வழுக்கை டயர் நரைத்துப்போய் அசிங்கமாகத் தெரிந்தது. கறுப்பு மெருகு ஒன்று விற்கிறது, அதை வாங்கித் தடவித் துடைத்தேன். பார்ப்பதற்குப் புத்தம் புதிதாகிவிட்டது. ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “என்ன மச்சான், கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க. இனிமே எங்க போனாலும் உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை என் காரைக் கொடுத்தேன். அந்த அம்மாள் முட்டி போட்டு உட்கார்ந்து அளந்தார். ஒரு டயருக்கு மூன்று இடம். அளந்ததோடு நிற்காமல், டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். அதே எண்கள் மாப்பிள்ளை டயர் வாங்கிய ரசீதிலும் இருந்ததால்தானே நீங்கள் என்னைப் பிடித்தீர்கள்? நல்ல வேலை, ஐயா. வேலை தெரிந்தவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது. இருபத்தாறு கட்டத்திலும் ‘இல்லை’. கூட வேலை செய்பவர்களையும் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடாது என்றெல்லாம் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்.

நான் காரைக் கொடுத்த பதினோராம் நாள் காலையில் தங்கை போன் செய்தாள். மேட்டுத் தெருவில் ஒரு வீட்டுக்குத் திரை மாட்டப் போகிறார்களாம், அவளும் கூடப் போகிறாளாம், திரும்பும்போது என்னைப் பார்க்க வருவார்களாம். அப்போதே தூறல் விழுந்துகொண்டிருந்தது. “மழையில மாப்பிள்ளையை மெதுவா ஓட்டச் சொல்லும்மா” என்றேன். நான் எச்சரிக்காமல் இல்லை, இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். அவள் சிரித்தாள். “பயப்படாதண்ணா, நீ பாத்து வாங்கிக் குடுத்த டயராச்சே” என்றாள். அது கேள்வி இல்லையே, ஐயா. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். சரிம்மா என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு மேசையில் புத்தகங்கள் வேறு குவிந்து கிடந்தன.

ரொட்டித் தொழிற்சாலையைத் தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே பிரேக் பிடித்திருக்கிறார். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் மதிலில் மோதியது. தங்கை உட்கார்ந்திருந்த பக்கம். மாப்பிள்ளைக்குத் தோள் எலும்பு உடைந்ததோடு போயிற்று. அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை. நான் அழுதேன், ஐயா. மூன்று நாள் வேலைக்குப் போகாமல் கிடந்து அழுதேன், நூலகத்தில் அது என் முதல் விடுப்பு. இப்போதும் போன் அடித்தால் அவளாக இருக்கும் என்று கை போகிறது.

மாப்பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். கழுத்தில் நாடா இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். “டயர் மொட்டையா இருந்துச்சாம் மச்சான். போலீஸ்காரங்க காட்டினாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கடைக்காரன் பழசைத் தலையில கட்டிட்டானோ?” என்றார். எனக்கு அநியாயம் பிடிக்காது. அந்தக் கடைக்காரர் பாவம், பிள்ளைகுட்டிக்காரர். “மத்தவங்களைக் குறை சொல்லாதீங்க மாப்பிள்ளை. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி டயரைப் பாக்க வேண்டியது ஓட்டறவரோட பொறுப்பு” என்று எடுத்துச் சொன்னேன். “ஆமா, நான் குனிஞ்சுகூடப் பாக்கல. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிருங்க மன்னிச்சிருங்க என்று அழுதார். நான் அவரை மன்னித்தேன். அவ்வளவு பெரிய இழப்புக்கு நடுவிலும் எனக்கு அந்த மனசு வந்தது.

இப்போது எனக்கு இருக்கிற கவலை ஒன்றுதான். சான்றிதழைத் திரும்பக் கேட்பார்களா? கேட்கக் காரணமே இல்லை. அவர்கள் அளந்தபோது டயர் புதிது, நட்டு இறுக்கம், எதிலும் ஏமாற்று இல்லை. அதை உங்கள் அறிக்கையில் தெளிவாகக் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும். அவர்கள் பொருளை அவர்களுக்குக் குறையில்லாமல் கொடுத்தேன். வெயில் நாளில், நல்ல சாலையில் போயிருந்தால் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வந்திருக்காது.

எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போட்டுத் தருகிறேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம், ஐயா. பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் கிடந்த மனிதர், நான் மன்னித்துவிட்டேன் என்ற பிறகுதான் எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார். இந்த உலகத்தில் அவருக்கு மிச்சம் இருப்பது என் மன்னிப்பு ஒன்றுதான், அதைப் போய் அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.