ஒளிராத படங்களின் முன் உடன் நின்ற அம்மையாருக்கு

ஈயச் சுவர்களுக்கு நடுவே இருந்தும் இளகிய நெஞ்சோடு வாழ்ந்தவரே! கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கைக்குள் அடக்கி, முகம் காணாத நோயாளிக்கும் முழு மனத்தோடு மருந்து செய்து தந்தவரே! எங்கள் கதிரியக்க மருந்துக் கூடத்தின் தலைவியே! "கதவ மூடு!" என்னும் ஓயாத அதட்டலால் 'கதவம்மா' என்று எங்களால் அழைக்கப்பட்டு, அது தெரிந்தும் தெரியாதவர் போல இத்தனை ஆண்டுகள் இருந்தவரே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் எங்கள் வணக்கம்.

நேரே நின்று புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடக்கூடும். ஆகவே சற்று நேரம் அவையைப் பார்த்துப் பேசுகிறோம். குறுக்கே புகுந்து திருத்தாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுகிறோம், அம்மா.

அவையோரே! அம்மையார் செய்த மருந்து விந்தையானது. பெப்டைடு என்பது புரதத்தின் சின்னஞ்சிறு துண்டு. சில வகைப் புற்றணுக்களின் மேல் அது போய்ப் பற்றிக்கொள்ளும். அதனோடு மெல்லிய கதிரியக்க அணுவை இணைத்து ஊசி வழியே அனுப்பினால், பற்றிய இடமெல்லாம் ஸ்கேன் படத்தில் விளக்கேற்றியது போல ஒளிரும். நோய் எங்கே என்று தெரிந்துவிடும். பிறகு அதே பெப்டைடோடு வலிய அணுவை இணைத்து அனுப்பினால், பற்றிய இடத்திலேயே நோயைச் சுட்டுப் பொசுக்கும். செய்த நொடியிலிருந்து தேயத் தொடங்கும் மருந்து இது. நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. விடியுமுன் வந்து, கனத்த கண்ணாடிக்குப் பின்னால் இடுக்கி பிடித்து நின்று, பொழுது புலரும்போது முதல் நோயாளிக்கு மருந்தை ஆயத்தமாக வைத்திருப்பார் அம்மையார். அம்மருந்தால் பிழைத்து, பேரன் பேத்தியோடு வந்து கைகூப்பியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைப் பற்றி இன்று பலரும் பேசினார்கள். நாங்கள் பேச வந்தது வேறொன்று.

அம்மையாருக்கு ஒரு தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழிலாளி. நம் கட்டடத்துக்கு வேலையாக வந்தால், மருந்துக்கூட வாசலில் நின்று, "அக்கா, நீ ஈயத்துக்குள்ள அடைஞ்சு கெடக்க, நான் இரும்புக்குள்ள அடைஞ்சு கெடக்கேன். நல்ல குடும்பம்டா சாமி!" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் அம்மையாரின் அதட்டல் அன்றைக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளும்.

அந்தத் தம்பிக்குக் கணையத்தில் கட்டி வந்தது. ஈரலுக்கும் பரவியது. இந்த மருந்து கேட்கக்கூடிய வகை நோயாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அம்மையார் கண்ணீரோடு சிரித்ததை நாங்கள் பார்த்தோம். வேறு யாரையும் தொட விடாமல், தம்பியின் ஸ்கேனுக்கான மருந்தைத் தம் கையாலேயே செய்தார்.

படம் வந்தது. சிறுநீரகம் ஒளிர்ந்தது, மண்ணீரல் ஒளிர்ந்தது. அவை யாருக்கும் ஒளிர்பவை. ஈரலில் கட்டிகள் இருந்த இடங்கள் மட்டும் பள்ளம் பள்ளமாய் இருண்டு கிடந்தன. அம்மையாருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாமே வெளியே போனார்.

நடைக்கூடத்தில் தம்பியின் மனைவி காத்திருந்தார். அம்மையாரின் முகத்தைப் பார்த்ததும், "படத்துல ஒளி இருக்கா அண்ணி?" என்றார்.

"கட்டியில இல்லம்மா."

அந்தப் பெண் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆனந்த அழுகை. "அப்ப நோய் போயிடுச்சா அண்ணி?"

அம்மையார் தம் வாழ்நாளில் பட்ட துன்பமெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது என்று பின்னாளில் எங்களிடம் சொன்னார். "இல்லம்மா. நோய் இருக்கு. நம்ம மருந்து பத்திக்க அதுல எடம் இல்ல" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் கெஞ்சல். "ஒரே ஒரு தடவ குடுத்துப் பாருங்களேன் அண்ணி. உங்க கையில இருக்குற மருந்துதானே?" மருத்துவருக்கும் மனம் இளகிற்று. "நீங்க சரின்னா ஒரு டோஸ் போட்டுப் பாக்கலாம்மா" என்றார்.

அம்மையார் கேட்டார்: "வேற ஒருத்தரோட தம்பியா இருந்தா போடுவீங்களா டாக்டர்?"

"போட மாட்டேம்மா" என்றார் மருத்துவர்.

"அப்ப வேண்டாம். கட்டியத் தொடாது. சிறுநீரகத்தையும் எலும்பு மஜ்ஜையையும்தான் சுடும். இருக்குற நாளையும் நானே கெடுக்க மாட்டேன்."

"கூடப் பொறந்தவனுக்கே கைய விரிச்சிட்டீங்களே!" என்று கத்திவிட்டுப் போன அந்தப் பெண், அதற்குப் பிறகு அம்மையாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு மருந்துகள் கொடுத்தார்கள். சில மாதங்கள் நோய் அடங்கினாற்போல் இருந்து, மறுபடி தலைதூக்கியது.

கடைசி வாரத்தில் ஒருநாள், மனைவி வெளியே போன நேரம் பார்த்துத் தம்பி சொன்னாராம்: "அக்கா, மருந்து கேக்கும்னு நீ பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். நீ என்ன சொன்னாலும் நம்புறவன்தானே நான். சொல்லாம விட்டியே, அது போதும். அவளத்தான் தப்பா நெனச்சுக்காத."

அவர் மறைந்தபின் அம்மையார் பணிக்குத் திரும்பினார். மருந்து எப்போதும் போலப் பிசகின்றி வந்தது. ஆனால் அதுவரை நோயாளிகளின் வீட்டாரைப் பார்த்தறியாத அவர், படம் ஒளிராத நாட்களில் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போகத் தொடங்கினார். அவருடைய வேலை அல்ல அது. யாரும் சொல்லவும் இல்லை. முன்பின் தெரியாத மனைவிகளிடமும் அண்ணன்மார்களிடமும் போய் அருகில் உட்கார்ந்து, "ஒளி இல்லன்னா நோய் இல்லன்னு அர்த்தமில்லம்மா" என்று தொடங்கி, அவர்கள் அழுது முடிக்கும்வரை கூடவே இருப்பார். திட்டியவர்கள் உண்டு. அதையும் வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றும் நடவாதது போலக் கதவை மூடச் சொல்லுவார்.

அம்மா! இனித் தங்களிடமே பேசுகிறோம்.

இந்த விழாவுக்குத் தங்கள் தம்பியின் மனைவியை அழைக்க எங்களில் இருவர் போயிருந்தோம். தங்களிடம் கேட்காமல் போனது பிழைதான், பொறுத்தருள்க. அவர் வரவில்லை. அவர் சொன்னதை இந்த மடலில் சேர்ப்பதா, தனியே தங்களிடம் சொல்வதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. அவரையே திரும்பக் கேட்டோம். "எல்லார் முன்னாடியும்தானே திட்டினேன், எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றார். ஆகவே அவர் சொல்லை அவர் சொன்னபடியே வைக்கிறோம்:

"கூட்டத்துல வச்சு அண்ணியப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அவங்க மேல இப்பக் கோவம் இல்ல. ஆனா அந்த மூஞ்சியில அவரு சாயல் அப்படியே இருக்கு. இனி வேலைக்குப் போக வேண்டாமில்ல? ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்க. நான் பேசுவேனான்னு தெரியல. ஆனா வரச் சொல்லுங்க."

பொய்யை யாருக்கும் ஆறுதலாகக் கொடுத்தறியாத பெருமாட்டியே! தாங்கள் இல்லாத கூடத்தில் நாளை விடிகாலையில் விளக்கைப் போடப்போகிறவர்களின் நெஞ்சு இப்போதே கனக்கிறது. நோயின்றி, நொடியின்றி, நிறைந்த ஆயுளோடு, நிம்மதியான உறக்கத்தோடு தாங்கள் வாழ வேண்டும். இனியேனும் விடிந்தபின் எழ வேண்டும்.

போய் வாருங்கள், அம்மா. நேரே அந்த வீட்டுக்குப் போங்கள்.

தங்கள் அதட்டலின்றி நாளைக் கழிக்கப் பழகாத,
கதிரியக்க மருந்துக் கூடத்தாரும் ஸ்கேன் பிரிவினரும்