கண்ணை மூடினால் தெரிகிற ஜோதி

மாரிகுப்பம் ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் பதினொரு பேர் நின்றோம், நான் ஏழாவது. வண்டி புறப்பட இருபது நிமிஷம்தான் இருந்தது. ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தாலும் எனக்குக் கவலையாகவே இருந்தது. எனக்கு முன்னால் ஒரு சுரங்கத் தொழிலாளி காவித்துணி மூட்டையோடு நின்றான். அவன் மனைவியின் அண்ணன் பக்கத்தில் நின்று தோளைப் பிடித்திருந்தான்.

“ரெண்டு புள்ளையோட என் தங்கச்சி வீட்ல அழுவுது. எங்க மாப்ள கிளம்பிட்ட?”

“திருவண்ணாமலைக்கு. தியானத்துல உக்காந்தா மஞ்சளா ஒரு ஜோதி கூப்பிடுது மச்சான்.”

“நாள் பூரா சுரங்கத்துல மெழுகுவத்தியைப் பாத்துக்கினே பாறை ஒடைக்கிற. கண்ணை மூடினா வேற இன்னா தெரியும்?”

“ஜோசியரும் சொன்னாரே, சனி எட்டுல இருக்குது, இந்த வருஷம் சந்நியாசம்னு.”

“எனக்கும் அதான் சொன்னாரு. அதுக்கப்புறம் மூணு புள்ள பொறந்துச்சு.”

முன்னால் இருவர் டிக்கெட் வாங்கி நகர்ந்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை சுரங்கம் லீவு. அன்னிக்கு ஜோதி வருதா?”

அவன் யோசித்தான். “ஞாயித்துக்கிழமை உக்கார்றதில்ல. உன் தங்கச்சி கறிக்கொழம்பு வைக்கும், சாப்ட்டுத் தூங்கிடுவேன்.”

“இந்த ஞாயித்துக்கிழமை உக்காரு. அப்பவும் தெரிஞ்சா நானே வண்டி ஏத்திவிடறேன்.”

முன்னால் நின்ற மற்றவர்களும் டிக்கெட் வாங்கி நகர்ந்தார்கள். அவன் முறை வந்தது. எந்த ஊர் என்று குமாஸ்தா கேட்டார். அவன் மூட்டையைக் கை மாற்றிக்கொண்டான்.

“திங்கக்கிழமை வண்டி எத்தனை மணிக்குங்க?”