துபாயில் மட்டும் வரும் சமையல்

"எங்க வூட்டுக்காரங்களுக்கு துபாய்ல இருந்தாத்தான் சமைக்க வரும்."

காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் தன் தோழியிடம் இப்படிச் சொன்னதும் நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"அங்க ரூம்ல அவங்க முறை வந்தா ஏழு பேருக்கு ஆக்குறாங்க. லீவுல ஊருக்கு வந்துட்டா, உப்பு டப்பா எங்க இருக்குன்னே தெரியாது."

"ஏனாம்?"

"அடுப்படியில நின்னா உம்மா என்ன நெனப்பாங்கன்னு வெக்கமாம். நேத்து மாமி, அதான் அவங்க உம்மா, வெளிய போயிருந்தாங்களா, இவங்க கதவச் சாத்திக்கிட்டு ஒரு மீன் ஆணம் வச்சாங்க பாரு, கொழம்பு வாசத்துல தெருவே மணத்துச்சு!"

"மாமி கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"எங்க? வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டு, 'இப்பத்தான் புள்ள உனக்குக் கைப்பக்குவம் வந்திருக்கு'ன்னு என்னையப் பாராட்டுறாங்க. நானும் தலைய ஆட்டிட்டேன்."

"ஒன் வூட்டுக்காரங்க?"

"நேத்துலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காங்க. ஆக்குனது நானு, பேரு மட்டும் உனக்கான்னு கேக்குறாங்க."

தோழி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் அவளே கேட்டாள்:

"ஒரே ஒரு நாள் ஆக்குனதுக்கே பேரு வேணுமாமா அவங்களுக்கு?"