ஒன்பதாம் கட்டிலின் தலையணை உறைகள்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்குக் காவல் நிலையத்தில் பெண் உதவி ஆய்வாளர் முன்பாகப் பதிவு தொடங்கப்பட்டது. சொல்பவர் பெண், வயது நாற்பத்தேழு, தனியார் பராமரிப்பு இல்லத்தில் சலவை வேலை, கணவர் லாரி ஓட்டுநர். பெயரும் வீட்டு முகவரியும், அவர் பயந்து கேட்டுக்கொண்டதால், தனித்தாளில் எழுதி உறையிட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

நான் மேற்படி இல்லத்தில் ஆறு வருடங்களாக வேலை செய்து வருகிறேன். தாமாக எழுந்து நடமாட முடியாதவர்கள் பதினான்கு பேர் அங்கே இருக்கிறார்கள். என்னை அங்கே சேர்த்துவிட்டவர் என் கணவரின் தங்கை. அவர்தான் அங்கே மேற்பார்வையாளர். என்னை அண்ணி என்று கூப்பிடுவார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒவ்வொரு கட்டிலின் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றின் மூலையிலும் கட்டில் எண்ணைச் சிவப்பு நூலால் தைத்திருப்போம். ஆகவே கூடையில் எது வந்தாலும் அது யாருடையது என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் கட்டில் மாஸ்டருடையது. வயது அறுபத்திரண்டு, தையற்கடை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஒரே மகள் வெளியூரில் இருக்கிறாள், மாதம் ஒருமுறை வருவாள். அவருக்கு இடது கை நன்றாக வேலை செய்யும். செவ்வாயும் வெள்ளியும் நான் எல்லாருக்கும் விரிப்பு மாற்ற மாடிக்குப் போகும்போது, என் மேலங்கியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, தையல் சரியில்லை என்று தலையை ஆட்டுவார். "நீங்களே தைச்சுக் குடுங்க மாஸ்டர், நான் என்ன வேணாம்னா சொன்னேன்" என்பேன். சிரிப்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒன்பதாம் எண் தலையணை உறைகள் கயிறு மாதிரி முறுக்கி, முடிச்சுப் போட்ட சுருக்கத்துடன் கூடையில் வந்தன. இரண்டில் இரத்தக் கறை இருந்தது. இரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது, கறை பிடித்துக்கொள்ளும். எனவே பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, கசக்கி, காயவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கினேன். வேறெதுவும் யோசிக்கவில்லை. மறுவாரமும் அப்படியே வந்தன. அதன் பிறகு நாத்தனாரிடம் கேட்டேன். "கட்டிலை விட்டு இறங்கப் பாக்கறார் அண்ணி. விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? கட்டி வெச்சா பத்திரமா இருப்பார். நீங்க துணியைப் பாருங்க" என்று சொன்னார்.

அதன் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மாடிக்குப் போனபோது அவருடைய இடது கை கட்டில் கம்பியோடு உறையால் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்தேன். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டாற்போல் புண். அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் பயந்துபோய் அந்தக் கையைத் திரும்பவும் கட்டிவிட்டேன். என் கையால்தான் கட்டினேன். அவிழ்க்கும்போதும் கட்டும்போதும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு, சென்ற மாதம், இல்லங்களைச் சோதனை பார்க்கும் அதிகாரி வந்தார். கொடியில் துணி போடுகிற சாக்கில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த உறைகளைக் காட்டச் சொன்னார். அலமாரியைத் திறந்து காட்டினேன். ஒன்பதாம் எண் உறைகள் ஆறும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"கறை எங்கம்மா?"

"துவைச்சிட்டேன் சார்."

"நல்லாத்தான் துவைச்சிருக்கீங்க" என்றார். மாடிக்கும் போய்ப் பார்த்தார். அன்றைக்கு மாஸ்டரை முழுக்கைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். சாயந்திரம் நாத்தனார் என்னிடம் வந்து, சிரித்த முகமாகவே, "வீட்டு ஆளே இப்படிப் பண்ணலாமா அண்ணி? அண்ணன் வரட்டும், நான் பேசிக்கறேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

வழக்கமாக ஒன்பதாம் எண் விரிப்பு தினமும் நனைந்து வரும். சென்ற சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறும் திங்களும் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்பாடா, ஒரு விரிப்பு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். செவ்வாய்க்கிழமை நானே போய் மாற்றினேன். நான்கு நாள் விரிப்பு, சொட்டு ஈரமில்லை. அப்போதுதான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் ஜாடி அலமாரி மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. என் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி வாயருகே வைத்தேன். மூடியைக் கடித்துக்கொண்டு விடவில்லை.

அங்கிருந்த ஆயாவிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான் குடுக்கணுமாம்க்கா, மேடம் உத்தரவு. ஈரம் பண்ணா துணி கீழ போகுது, துணி கீழ போனா நீங்க கதை கட்டறீங்களாம்" என்று சொன்னாள். நான் வாயைத் திறந்ததற்கு அவருக்குத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

இன்று மதியம் கூடையில் ஒன்பதாம் எண் உறைகள் மூன்று வந்தன. முடிச்சு அவிழாமலே இருந்தது, புது இரத்தம். பழக்க தோஷம், கை தானாகப் போய்க் குழாயைத் திறந்து, வாளியும் பாதி நிரம்பிவிட்டது. அதன் பிறகுதான் சுதாரித்து, உறைகளைப் பையில் போட்டுச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். பல்வலி என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். கிளம்புமுன் மாடிக்குப் போய் மேலங்கியின் ஓரத்தை மாஸ்டரின் விரலருகே கொண்டுபோனேன். கண் திறந்திருந்தது, விரல் அசையவில்லை. அதன் பிறகு நேராக இங்கே வந்தேன். என் கணவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

மூன்று உறைகளையும் துவைக்காமல் இத்துடன் ஒப்படைக்கிறேன். மூலையில் ஒன்பது என்று இருப்பதைத் தாங்களும் பார்த்தீர்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு நாத்தனார் அலமாரித் துணியை எண்ணிப் பூட்டுவார். ஒன்பதாம் எண்ணில் ஆறு உறை இருக்கவேண்டும், மூன்றுதான் இருக்கும். எங்கே போயின என்று அவருக்கு உடனே புரிந்துவிடும். அப்போது மாஸ்டர் மாடியில் கட்டிய கையோடு தனியாக இருப்பார்.

மேலே எழுதியதைத் தாங்கள் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் கையைத் திரும்பக் கட்டியது உட்பட அத்தனையும் நடந்தது நடந்தபடி, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது மணி ஐந்து பத்து. பஸ்ஸில் எனக்கு முக்கால் மணி ஆனது, உங்கள் ஜீப்பில் இருபது நிமிடம்தான்.