குறைந்தபட்சச் செலவு

புது கிரெடிட் கார்டு வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, வருடக் கட்டணத்தைப் பார்த்துப் பயந்துவிடுவது. கட்டணம் ஒரு பொருட்டே அல்ல, மேடம். சேரும்போது எவ்வளவு போனஸ் புள்ளிகள் தருகிறார்கள், அதற்கு முதல் மூன்று மாதத்தில் குறைந்தது எவ்வளவு செலவு செய்யச் சொல்கிறார்கள், அந்தச் செலவு நம் வீட்டில் தானாக வருமா, இதைத்தான் பார்க்க வேண்டும். உங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்களுக்கு நல்ல கார்டுகள் கொடுப்பார்கள். யாரும் கேட்டு வாங்குவதில்லை.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது மெக்கானிக் அண்ணனுக்காக. கிரீஸ் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவோம். அக்காவின் பள்ளி வேனில் பிரேக் போனதற்கு அவர்தான் காரணம் என்று நேற்றுக் கூட்டி வந்துவிட்டீர்கள். விட்டுவிடுங்கள். நல்ல மனிதர், கை சுத்தம். அவரிடம் நான் கண்ட ஒரே குறை, கடையில் கார்டு மிஷின் வைத்துக்கொள்ளாததுதான். அக்காவுக்குக் கால் போனதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் எனக்குத்தான். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் நிறுத்தாதீர்கள், கோர்வை விட்டுப்போகும்.

டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன். கல்யாணம் ஆகவில்லை. மாமா போன பிறகு அக்கா என்னோடுதான் இருக்கிறாள். வேன் ஓட்டுவது அவள் தொழில் மட்டுமல்ல, அதுதான் அவள். வீட்டில் மிக்ஸி போட்டால்கூட இடது காலைக் கிளட்சை மிதிப்பதுபோல் அழுத்திக்கொண்டு நிற்பாள். வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகளை அதட்டுவாள், அவர்களும் அவளை "ஹாரன் அத்தை" என்பார்கள். கேட்டால் சிரிப்பாள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அதற்கு மேலே ஒரு படி போனேன், எப்படியும் ஆற்றில் போடப்போவதை என் கார்டு வழியாகப் போடு என்றேன். கடையில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் ஃபிரிட்ஜ் வாங்கினால் நான் கூடவே போய்க் கார்டைத் தேய்ப்பேன், அவர் எனக்குக் கையில் பணமாகக் கொடுத்துவிடுவார். அவருக்கு நஷ்டமில்லை, எனக்குச் செலவுக் கணக்கு ஏறும். எப்போது பார்த்தாலும் தேய்த்துக்கொண்டே இருப்பதால் எனக்கு "இஸ்திரி" என்று பேர் வைத்தார்கள். கோபமில்லை. உதவிக்கு ஓடி வருகிற ஆள் என்ற நல்ல பெயரும் அதோடு சேர்ந்தே வந்தது.

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் ஒருமுறை கருகிப்போனது. தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது நான் போட்டுவிட்டு மறந்துபோனேன். புது மோட்டாருக்கு நானே கார்டைத் தேய்த்துவிட்டு எல்லா வீட்டிலும் பங்கு வாங்கினேன். முதல் தடவை நிஜமாகவே மறதி. இரண்டாவது தடவை, பின்பக்கத்து மோட்டார் கருகியபோது, மறதி இல்லை. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, அதுவும் பழைய மோட்டார், இன்றைக்கோ நாளைக்கோ போகவேண்டியதுதான்.

பிறகு இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்றில் போனஸ் சின்னது, செய்யவேண்டிய செலவும் சின்னது. இன்னொன்றில் போனஸ் அதைப்போல ஐந்து மடங்கு, செலவோ என் சம்பளத்துக்கு மீறியது. ஒரு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றி எடை போட்டேன். அக்கா சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"சின்னதையே வாங்கித் தொலைடா. வரவு எட்டணா செலவு பத்தணான்னு ஆயிடப்போகுது."

"உனக்குத்தான்க்கா. அந்தப் புள்ளிய வச்சு உன்ன பிளேன்ல கூட்டிட்டுப் போறேன்."

"நான் பிளேன்ல போகணும்னு யாருகிட்டடா அழுதேன்? ஓட்டக் குடுத்தா வேணா வர்றேன்."

பெரியதை வாங்கினேன். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாவது மாதத்தில் யார் வீட்டிலும் எதுவும் உடையவில்லை, யாரும் எதுவும் வாங்கவில்லை. கடையில் ஒவ்வொருவரிடமும் நானே போய்க் கேட்டேன், வாஷிங் மெஷின் மாற்றவில்லையா என்று. சிரித்தார்கள். கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. அந்த எல்லையைத் தொடாவிட்டால் ஒரு புள்ளிகூட வராது, மேடம். தொண்ணூறு பங்கு செலவு செய்துவிட்டுப் பத்துப் பங்கில் தோற்றால் மொத்தமும் போச்சு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வேனைக் கழுவும்போது நான் அக்காவுக்குக் கூடமாட உதவுவேன். பிரேக் ஆயில் போகிற குழாய் எங்கே சேர்கிறது என்பதைக் கிரீஸ் அண்ணன்தான் ஒருநாள் காட்டினார். அங்கே இருக்கிற நட்டைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், தளர்த்தி வைத்தேன். ஆயில் சொட்டும், அக்கா தினமும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பவள், பார்த்ததும் வண்டியை எடுக்கமாட்டாள், பெரிய ஒர்க்ஷாப்பில் விடுவோம், அவர்கள் ஒன்றுக்கு நாலாக மாற்றுவார்கள், பில் நான் தேய்ப்பேன். இதில் யாருக்கும் கீறல்கூடப் படாது என்று உறுதி செய்துகொண்டுதான் ஸ்பேனரை எடுத்தேன்.

நான் நினைத்தபடியே அவள் பார்த்துவிட்டாள்.

"டேய், ஆயில் ஒழுகுதுடா. கிரீஸ் அண்ணனக் கூப்பிட்டுட்டேன், இப்ப வந்துடுவாரு."

அவர் வந்தால் நட்டை ஒரு திருகு திருகிவிட்டு டீ காசு வாங்கிக்கொண்டு போவார். நான் அதை யோசித்திருக்கவில்லை, அது என் கணக்கில் விழுந்த ஓட்டை. அவருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அந்த அழைப்பு என் போனில் இருக்கும்.

"பிரேக் விஷயம்க்கா, ரோட்டோரத்துல காட்டுறதா? பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஒர்க்ஷாப் இருக்கே, அங்க விட்டுடு. நான் வந்து பில் கட்டிடறேன்."

"அது இப்ப தொறந்திருக்காதே. பிள்ளைங்கள வேற ஏத்தணும்."

"ஆயில ஊத்திக்கிட்டு மெதுவா ஒரு ட்ரிப் போ. பள்ளிக்கூடமும் அந்தப் பக்கந்தானே, பிள்ளைங்கள இறக்கிட்டு நேரா அங்க போயிடு."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஒன்றும் ஆகாது என்றேன். எந்தக் காகிதமானாலும் பொடி எழுத்துவரை படிக்கிறவன் என்று என்மேல் அவளுக்கு ஒரு மரியாதை. அதனால் கேட்டாள்.

பாலத்தின் மேலே போய் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி போன் செய்தாள். பின்னால் பிள்ளைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"பெடல் அடிவரைக்கும் போகுதுடா. எனக்கு என்னமோ மனசு சரியில்ல. இங்கயே ஓரங்கட்டிட்டு அண்ணன வரச் சொல்லட்டுமா?"

அப்போதுகூட நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கப்போவதும் அதுதான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தூக்கமே வருவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வந்தது வந்துவிட்டாள், ஒர்க்ஷாப் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது, இங்கே நின்றால் அண்ணன் வந்து ஒரு திருகில் சரிசெய்துவிடுவார், என் கெடுவும் முடிந்துவிடும்.

"இறக்கம்தானேக்கா, கியர்லயே இறங்கிடு," என்றேன்.

"சரிடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பாதி இறக்கத்தில் பிரேக் முழுவதும் போய்விட்டது. கீழே சிக்னலில் ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். அக்கா தன் பக்கமே அடி படுகிறமாதிரி வண்டியைச் சுவரோடு சேர்த்து உரசவிட்டு நிறுத்தியிருக்கிறாள். முன்பக்கம் நசுங்கியதில் கிளட்ச் பெடலுக்கு அடியில் அவள் இடது கால் சிக்கிக்கொண்டது. பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் பல் விழுந்தது. பால் பல்தான், எப்படியும் விழவேண்டியது.

ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். கார்டைக் கொடுத்தேன். இலக்கு முடிந்துவிட்டது, வாழ்த்துக்கள் என்று கையிலிருந்த போனுக்குச் செய்தி வந்தது. அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, மேடம், அது வந்ததை நான் மறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற முடியாது என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அக்கா முதலில் பிள்ளைகளைக் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மட்டும் இல்லன்னா இந்தப் பணத்துக்கு நான் எங்கடா போயிருப்பேன்?"

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்தியது நான். மெக்கானிக்கைத் தடுத்தது நான். பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தே இறங்கச் சொன்னதும் நான். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். அக்காவிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், அவளுக்கு ஒன்றென்றால் நான்தானே பார்க்கவேண்டும்.

அவள் மறுபடி வேன் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காயம் ஆறிவிட்டது, நல்ல செயற்கைக் காலாகப் பார்த்து உடனே பொருத்திப் பழகவேண்டும், தள்ளிப்போட்டால் தசை வீணாகிவிடும், பிறகு கிளட்சை மிதிக்கிற பேச்சே வேண்டாம் என்றார். போன வாரமே அளவெடுக்க வருவதாக இருந்தார்கள். விலை அதிகம்தான், இருக்கட்டும், அக்காவுக்கு இல்லாத பணமா. நான்தான் அவர்களை அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறேன். புதுக் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை.