க்ரீம் முதலாளியோட டிக்கி பட்டன்

வாங்கடா, வாங்க. கேக் விழுந்துச்சுன்னு காதுல பட்டதும் ஈ மாதிரி வந்து சேந்துட்டீங்களே! ஏய் நெட்டை, குனிஞ்சு வா, டிக்கிக் கதவு மண்டையில இடிக்கும். உன் உயரத்துக்கு வண்டி செய்யணும்னா கூரையே இல்லாமத்தான் செய்யணும். வாத்தி, நீ அந்த டயர் மேல உக்காரு. புத்தகத்தக் கீழ வைக்காதடா, எண்ணெயாயிடும். ஆனா என்ன, நீ அதத் திறக்கவா போறே? அட்டை மட்டும் சுத்தமா இருந்தாப் போதும் உனக்கு.

இல்லடா, கேக் இங்க இல்ல. ரோட்டுல விழுந்தத வழிச்சு எடுத்துட்டு வந்து உங்களுக்குத் தட்டுல வெச்சுக் குடுப்பேன்னு நினைச்சீங்களா? குடுத்தா திம்பீங்க, அது வேற விஷயம்.

நெட்டை, சும்மா நிக்காம இந்த லைட்டப் பிடி. இங்க, நம்பர் பிளேட்டுக்கு மேல. என் மூஞ்சில எதுக்கு அடிக்கறே, போலீஸ் விசாரணையா நடக்குது? ஆங், அப்படியே வெச்சுக்க.

ஆமா, அவன் வண்டியேதான். டிக்கி பூரா அப்பின க்ரீமக் கழுவித் தரச் சொல்லி விட்டுட்டுப் போயிருக்கான். பேக்கரிக்காரன் வண்டி. க்ரீம் முதலாளி. அந்தப் பேரு நான் வெச்சதுதான், அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கேக் வாங்க வர்றவங்க கிட்ட க்ரீம் தடவின மாதிரியே பேசுவான். அப்படியே திரும்பி வேலைக்காரங்க கிட்ட வாயத் திறந்தா, கத்திதான் வெளிய வரும்.

இப்ப இங்க பாருங்க, இதான் அந்தப் பட்டன். தெரியாதவன் பார்த்தா கறுப்பா ஒரு ரப்பர்த் துண்டு, அவ்வளவுதான். வெளிய ரப்பர், அதுக்குப் பின்னாடி உள்ள ஒரு சின்ன சுவிட்ச். ரப்பர அழுத்தினா சுவிட்ச் அமுங்கும், பூட்டு விடும், கதவு திறக்கும். வண்டிக்கு வயசாச்சுன்னா வெயில்லயே கிடந்து இந்த ரப்பர் உருகிப் பிசுபிசுன்னு ஆயிடும், நம்ம வாத்தி பொண்ணுங்க கிட்டப் பேசற மாதிரி. சரி சரி, எழுந்திரிக்காதே, விளையாட்டுக்குச் சொன்னேன். அப்புறம் அதுல வெடிப்பு விடும். வெடிப்பு வழியா தண்ணி உள்ள போகும். தண்ணி போச்சுன்னா சுவிட்சுக்குப் பைத்தியம் பிடிச்சிடும். யாரும் அழுத்தவே வேண்டாம், அதுவா திறந்துக்கும். புது வண்டின்னா ஓடும்போது திறக்க விடாது. இது கிழட்டு வண்டி. இதுக்கு அந்த விவஸ்தையெல்லாம் கிடையாது.

அதேதான். எங்க அப்பாவுக்கு நடந்ததும் இதேதான். நெட்டைக்குத் தெரியும், வாத்தி, நீ அப்ப ஊர்ல இல்ல. அப்பா இந்த வண்டியத்தான் ஓட்டிட்டு இருந்தாரு. கேக்க எடுத்துட்டுப் போய்க் குடுக்கற வேலை. கேக்க விட மெத்துன்னு ஓட்டுவாரு மனுஷன். தூங்கற குழந்தைய மடியில வெச்சிருக்கற மாதிரி பிரேக் பிடிப்பாரு. பட்டன் சரியில்லன்னு அவர்தான் முதல்ல கண்டுபிடிச்சாரு. சார், டிக்கி தானா திறக்குது, மாத்திடலாம்னு அவன் முன்னாடி போய் நின்னிருக்காரு. மாத்தறதாவது, டேப்ப ஒட்டி ஓட்டுன்னு சொல்லியிருக்கான் க்ரீம். டேப்பும் ஒட்டினாரு. கல்யாணக் கேக் ஒண்ணு, மூணு அடுக்கு, வேகத்தடையில ஏறி இறங்கினதும் கதவு தூக்கிருச்சு, கேக் நழுவி ரோட்டுக்குப் போயிடுச்சு.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. டிரைவர வேலைய விட்டு அனுப்பறது எங்கயும் நடக்கறதுதான். இவன் என்ன பண்ணான் தெரியுமா? கடை வாசல்ல வண்டிய நிறுத்தச் சொன்னான். கேக் வாங்க வந்தவங்க, சும்மா ரோட்டுல போனவங்க, எல்லாரும் பார்த்துட்டு நிக்கறாங்க. எங்க அப்பாவ டிக்கிக்குப் பின்னாடி நிக்க வெச்சு, சாத்துன்னான். சாத்தினாரு. திறன்னான். திறந்தாரு. சாத்து. திற. சாத்து. பாருங்கம்மா, இத்தனை வயசாச்சு, ஒரு கதவச் சாத்தத் தெரியல, இவன நம்பி உங்க வீட்டுக் கேக்க அனுப்பறேன்னு சிரிக்கறான். ரெண்டு பேர் கூட சேந்து சிரிச்சாங்க. நான் அப்பதான் காலேஜ்லேர்ந்து வந்து எதிர்ல நிக்கறேன். அப்பா முகத்த என்னால பார்க்க முடியல, கையத்தான் பார்த்தேன். கதவு மேல அந்தக் கை போகுது, வருது.

காலேஜ விட்டது அதனாலயா? சேச்சே, எங்க அப்பா மேல பழியப் போடாதீங்கடா. காலேஜும் நானும் முன்னாடியே பேச்சுவார்த்தை நடத்திட்டுத்தான் இருந்தோம், அப்புறம் ஒருத்தர ஒருத்தர் விட்டுட்டோம்.

ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் எங்க வீட்ல எந்தக் கதவையும் அவர் ஒரு தடவை சாத்தறதில்ல. சாத்திட்டு உள்ளங்கைய வெச்சு அழுத்திப் பார்ப்பாரு. பீரோ, பாத்ரூம், ஃப்ரிட்ஜு கூட. அம்மா ஏதாவது கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. அவர் கைய வெச்சு அழுத்தற ஒவ்வொரு தடவையும் எனக்கு இங்க, நெஞ்சுக்குள்ள, எவனோ நட்ட முறுக்கற மாதிரி இருக்கும். அன்னிக்கே சொன்னேன்ல நெட்டை, ஒருநாள் அந்தக் க்ரீம நடுரோட்டுல நிக்க வெக்கறேன், அவன் கையாலயே சாத்தி அவன் கேக்கே விழணும்னு. நீ சிரிச்சே. முதல்ல நீ எழுந்து நில்லு, அப்புறம் அவன நிக்க வெக்கலாம்னே. ஞாபகம் இருக்கா?

லைட்டு ஆடுது பாரு. கை வலிச்சா மாத்திப் பிடி.

சரி, கேளுங்க. கொஞ்ச நாள் முன்னாடி அவனே வண்டிய எடுத்துட்டு இங்க வந்தான். இந்த ஒர்க்‌ஷாப்புக்கே! ஊர்ல வேற ஒர்க்‌ஷாப் இல்லாத மாதிரி, எனக்குன்னே அனுப்பி வெச்ச மாதிரி. பட்டன் சுத்தமா செத்துப் போச்சு, சரி பண்ணுங்கன்னான். என்னத் தெரியலையாவா? எப்படிடா தெரியும்? அன்னிக்கு அவன் பார்த்த கூட்டத்துல நானும் ஒரு தலை. எங்க ஒர்க்‌ஷாப் அண்ணன் புது சுவிட்சும் ரப்பரும் வாங்கிட்டு வந்து என் கையில குடுத்து, நீயே பண்ணுடான்னுட்டாரு. பழம் நழுவி என் கையிலயே விழுந்துச்சு.

உள்பக்க அட்டையக் கழட்டினேன். கிளிப்பு ஒண்ணொண்ணா வரணும், அவசரப்பட்டா உடையும். வயரப் பிடுங்கினேன், நட்டக் கழட்டினேன், பட்டன மொத்தமா வெளிய எடுத்தேன். பழைய ரப்பர் கை பூரா ஒட்டிக்கிச்சு, தின்னர் ஊத்தித் தேய்ச்சும் போகல. புது ரப்பர மாட்டினேன். பளபளன்னு, ஷோரூம்லேர்ந்து வந்த மாதிரி. ஆனா உள்ள? உள்ள அந்தப் பழைய சுவிட்சத்தான் வெச்சேன். துருவ மட்டும் சுரண்டிட்டு அப்படியே வெச்சு மூடினேன். சுத்தி பேஸ்ட் தடவணும், தண்ணி போகாம இருக்க. அதையும் தடவல. புது சுவிட்ச் என் பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு. காஞ்சு கிடந்தா ஒழுங்கா வேலை செய்யும். நல்லா ஒரு தடவை நனைஞ்சா, ஐயா எப்ப வேணாலும் திறப்பாரு.

டேய், கை தட்டாதீங்க, அண்ணன் வந்துடப் போறாரு.

ஏன் அவனே ஓட்டுவான்னு நினைச்சேன்னா, எந்த டிரைவரும் அவன்கிட்ட நிலைக்கறதில்ல. திட்டு வாங்கியே ஓடிடறாங்க. பெரிய கேக்னா அவனேதான் எடுத்துட்டுப் போவான். அதான் கணக்கு. அவனே ஏத்தணும், அவனே சாத்தணும், பொத்துன்னு விழணும். ஜனம் சுத்தி நின்னு, என்ன முதலாளி, ஒரு கதவச் சாத்தத் தெரியலையான்னு கேக்கணும். அத நினைச்சு நினைச்சு நான் தனியா சிரிச்சிருக்கேன்டா. சோறு திங்கும்போது சிரிச்சு, அம்மா எனக்கு ஏதோ பிடிச்சிருக்குன்னு பயந்துட்டாங்க.

விழுந்துச்சே! நேத்து காலையில, நாலு ரோடு சேர்ற இடத்துல. யாரோ கடை திறக்கறாங்களாம், அந்தக் கடை மாதிரியே செஞ்ச கேக்காம், ஷட்டர் கூட சாக்லேட்டாம். கதவு தூக்கினதும் கடையே சறுக்கி வெளிய வந்துச்சாம். பின்னாடி வந்த பஸ்காரன் அது மேல ஏத்திட்டு, எதுல ஏத்தினோம்னு தெரியாம இறங்கி டயர மோந்து பார்த்தானாம். நாய்ங்க எல்லாம் வரிசையில நின்னுச்சாம். சிரிங்கடா, நல்லா சிரிங்க. கேள்விப்பட்டதும் நானும் சிரிச்சேன். அந்த ஸ்பானரத் தூக்கிப் போட்டுப் பிடிச்சு ஆடினேன் இங்க.

க்ரீம் மூஞ்சி எப்படி இருந்துச்சா? இரு, சொல்றேன்.

அம்மா உனக்கா போன் பண்ணாங்க? என்னவாம்? ராத்திரி இங்கதான் படுத்தேன், வேலை இருந்துச்சுன்னு சொல்லிடு. சாப்டேன், சாப்டேன். அப்பாவா? அப்பா சாப்பிடலையாமா? சரி. அந்தச் சின்ன ஸ்பானர எடு வாத்தி. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல.

இதுவா? ஆமா, புது சுவிட்சுதான். பாக்கெட்டுல இருந்துச்சுல்ல, அதேதான். மாட்டிட்டேன். இப்ப பேஸ்ட் தடவறேன், சுத்தி இடைவெளியே இல்லாம. இனிமே ஆத்துல தள்ளினாலும் தண்ணி உள்ள போகாது. ஏன்டா அவனுக்குப் போய் ஒழுங்கா பண்றேன்னு கேக்கறியா?

நேத்து வண்டிய அவன் ஓட்டல.

எங்க அப்பா ஓட்டினாரு. மூணு நாளா அவர்தான் ஓட்டிட்டு இருந்திருக்காரு. க்ரீமே கூப்பிட்டு விட்டானாம், பழசெல்லாம் மறந்துட்டு வா, உன்ன மாதிரி ஓட்ட ஆளில்லன்னு. வீட்ல சொன்னா நான் குதிப்பேன்னு சொல்லல. காலாற நடந்துட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் தினமும் கிளம்பினாரு. நானும் நடக்கட்டும், உடம்புக்கு நல்லதுன்னு விட்டுட்டேன். நேத்து பெரிய ஆர்டர், வண்டி பளிச்சுன்னு இருக்கணும்னு காலையிலயே பைப் போட்டு வண்டிய முன்னாடி பின்னாடி எல்லாம் கழுவியிருக்காரு. யாரும் சொல்லல, அவரா கழுவியிருக்காரு. பட்டன் மேல நல்லா பீச்சி அடிச்சுக் கழுவியிருப்பாரு. சுத்தம்னா அவருக்கு அப்படி.

மத்தியானம் க்ரீம் அவர இழுத்துட்டு நேரா இங்க வந்தான். நான் வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். வெளிய வந்து பார்த்தா அப்பா நிக்கறாரு, சட்டையெல்லாம் க்ரீமு. ரோட்டுல குனிஞ்சு கையால வாரியிருக்காரு போல. என்னப் பார்த்தாரு. இவன் என் பையன்னு அவர் சொல்லல. எனக்கு இங்க ஏதாவது ஆயிடுமோன்னு நினைச்சிருப்பாரு. நானும் சொல்லல. பட்டன மாத்தினது எந்தத் தம்பின்னு கேட்டான் க்ரீம். அண்ணன் என்னக் கை காட்டினாரு. சொல்லு தம்பி, உன் பட்டன் தப்பா, இந்த ஆள் சாத்தினது தப்பான்னு கேட்டான். ஒர்க்‌ஷாப்புல எல்லாரும் வேலைய நிறுத்திட்டுப் பார்க்கறாங்க. பாக்கெட்டுல சுவிட்ச் இருக்கு. கைய உள்ள விட்டு அத இறுக்கிப் பிடிச்சிட்டு நிக்கறேன். வெளிய எடுத்து நீட்டினா முடிஞ்சுது.

லைட்டக் கீழ இறக்காதே நெட்டை. இன்னும் ஒரு நட்டு இருக்கு.

அப்பா என் பதில முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு, சரி தம்பின்னாரு. என்னத் தம்பின்னாருடா, யாரோ ஒரு மெக்கானிக் பையன்கிட்ட சொல்ற மாதிரி. சாவிய அவன் கையில குடுத்துட்டு நடந்தே போயிட்டாரு.

என்ன பதிலா? பட்டன் நல்லாத்தான் இருக்கு சார், உங்க டிரைவருக்குத்தான் கதவு சாத்தத் தெரியலன்னு சொன்னேன். நான்தான்டா சொன்னேன்.